சிஓபிடி நோயாளிக்கு வீட்டில் நல்ல நர்ஸ் கவனிப்பு என்றால் என்ன?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இது: அப்பாவுக்கு 68 வயது, பல வருட பீடிப் பழக்கம், சிஓபிடி, அதாவது நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய். ஒரே வருடத்தில் இரண்டாவது முறையாக அட்மிட் ஆகி, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர், மருந்தைப் புகையாக்கித் தரும் நெபுலைசர், இரவுக்கு மாஸ்க் வழியாக மூச்சுக்கு உதவும் பைபாப் என்று மூன்று மெஷினோடு வீடு திரும்பியிருக்கிறார். ஏஜென்சி அனுப்பிய சிஸ்டர் பகலில் வந்து பார்த்துக்கொள்கிறார். "சாச்சுரேஷன் 98-க்குக் குறையாமல் வைத்திருக்கிறேன்", அதாவது ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு 98 சதவீதத்துக்குக் குறையவில்லை என்று அவர் பெருமையாகச் சொல்கிறார். ஆனாலும் அப்பா காலையில் தலைவலி என்கிறார், பகலெல்லாம் தூங்கி வழிகிறார். கவனிப்பு சரியாகத்தான் நடக்கிறதா, நல்ல நர்ஸ் என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது என்று கேட்கிறீர்கள். நெஞ்சக நோய் வார்டில் நெடுங்காலமாக வேலை பார்க்கும் செவிலியராகப் பதில் சொல்கிறேன். உங்கள் அப்பாவின் ரத்த வாயுப் பரிசோதனை ரிப்போர்ட்டை, அதாவது ஏபிஜி ரிப்போர்ட்டை, நான் பார்க்கவில்லை. ஆகவே மருந்தின் அளவையும் ஆக்சிஜன் அளவையும் அவருடைய டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். எதைக் கேட்க வேண்டும், எதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதை என்னால் சொல்ல முடியும்.

முதலில் அந்த 98. இதை இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். கரியமில வாயு உடம்பில் தங்கும் சிஓபிடி நோயாளிகளுக்கு இலக்கு 88 முதல் 92 வரைதான். இரவுக்கு பைபாப் எழுதியிருக்கிறார்கள் என்றால் உங்கள் அப்பா பெரும்பாலும் அந்த வகையில் வருவார். இவர்களுக்கு ஆக்சிஜனைக் கூட்டினால் கரியமில வாயுவும் கூடும். "மூச்சு விடும் உந்துதல் நின்றுவிடும்" என்று இதற்குப் பழைய பாடம் ஒரு காரணம் சொல்லும். அது ஒரு பங்குதான். நுரையீரலில் காற்று சரியாகப் போகாத பகுதிகளுக்கு உடம்பு ரத்த ஓட்டத்தைக் குறைத்து வைத்திருக்கும். அதிக ஆக்சிஜன் அந்த ஏற்பாட்டைக் குலைத்துவிடும் என்பதுதான் பெரிய காரணம். காலைத் தலைவலி, பகல் தூக்கம், கை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு படபடவென்று அடித்துக்கொள்வது, பேச்சில் குழப்பம் ஆகியவை கரியமில வாயு ஏறுவதன் அடையாளங்கள். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸிலேயே 405 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010-இல் வெளியானது. அளவில்லாமல் ஆக்சிஜன் கொடுக்கப்பட்டவர்களில் 9 சதவீதம் பேர் இறந்தார்கள். 88-92 என்று அளந்து கொடுக்கப்பட்டவர்களில் 4 சதவீதம். இந்த விஷயத்தில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

ஆனால் பயந்துபோய் குழாயைக் கழற்றிவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் சாச்சுரேஷன் முன்பு இருந்ததைவிடக் கீழே விழக்கூடும். டாக்டரிடம் போனில் பேசிவிட்டு, அரை லிட்டர் அரை லிட்டராகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் இருபது முப்பது நிமிடம் பொறுத்து அளவைப் பார்க்க வேண்டும். எழுப்பினாலும் சரியாக விழிக்கவில்லை என்றால் குறைத்துப் பார்க்க நேரமில்லை, 108-ஐக் கூப்பிட வேண்டும்.

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்த பிறகு, சூடான விரலில், நகப்பூச்சோ மருதாணியோ இல்லாமல், எண் நிலைக்கும்வரை ஒரு நிமிடமாவது காத்திருந்து பார்க்க வேண்டும். மாட்டியதும் தெரியும் முதல் எண்ணை எழுதுவது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. கருவி காட்டும் நாடித்துடிப்பும் கையால் பிடித்துப் பார்க்கும் நாடியும் ஒத்துப்போகாவிட்டால் அந்த சாச்சுரேஷன் எண்ணை நம்ப வேண்டாம். கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும் என்பதும் ஆய்வுகளில் தெரிந்த விஷயம். நம் ஊரில் இதை மறக்கவே கூடாது. எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் ஆளைப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

அடுத்து, வந்திருப்பவர் யார் என்று கேளுங்கள். "ஹோம் நர்ஸ்" என்ற பெயரில் பலவிதப் பயிற்சி உள்ளவர்கள் வருகிறார்கள். பிஎஸ்சி நர்சிங் 4 வருடப் படிப்பு, ஜிஎன்எம் 3 வருடம், ஏஎன்எம் 2 வருடம். சில வாரப் பயிற்சியோடு வரும் கேர்டேக்கர்களும் உண்டு. தமிழ்நாட்டில் படித்த செவிலியர் என்றால் மாநில நர்சுகள் கவுன்சிலில் பதிவு எண் இருக்கும். அதைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. குளிப்பாட்ட, சாப்பாடு கொடுக்க, நடக்கவைக்க நல்ல கேர்டேக்கர் போதும், அவர்கள் செய்வது பெரிய வேலை. ஆக்சிஜனைக் கூட்டிக் குறைப்பது, மோசமாகிறதா என்று கணிப்பது, பைபாப் மாஸ்க் பார்ப்பது ஆகியவற்றைப் பயிற்சி இல்லாதவர் தலையில் கட்டுவது அவருக்கும் அநியாயம், அப்பாவுக்கும் ஆபத்து. தினமும் நர்ஸ் வைக்கக் கட்டுப்படி ஆகாத வீடுகளுக்கு நான் சொல்லும் வழி: தினசரி வேலைக்குக் கேர்டேக்கர், வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை அனுபவமுள்ள செவிலியர் வந்து எல்லாவற்றையும் சரிபார்ப்பது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரணக் கவனிப்புக்கான செவிலியரும் பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கு வருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

படிப்பைத் தாண்டி, திறமையை எடைபோட எளிய வழி ஒன்று உண்டு. அப்பாவின் மூச்சை எண்ணச் சொல்லுங்கள். முழு அறுபது விநாடி, நோயாளிக்குத் தெரியாமல், நாடி பிடிப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டு மார்பைப் பார்த்து எண்ணுகிறவர் தெரிந்தவர். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குகிறவர், அல்லது பார்க்காமலே 20 என்று எழுதுகிறவர், நாளைக்கு 28 ஆகும்போது கவனிக்க மாட்டார். மூச்சு எண்ணிக்கை கூடுவது சாச்சுரேஷன் குறைவதற்கு முன்பே தெரிந்துவிடலாம். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இன்ஹேலர் விஷயத்துக்கு வருகிறேன். நோயாளி திரும்பத் திரும்ப அட்மிட் ஆகிறார் என்றால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். "அப்பா, பஃப் எடுத்தீங்களா?" என்று கேட்பது கவனிப்பு ஆகாது. எதிரில் உட்கார்ந்து அவர் எடுப்பதைப் பார்க்க வேண்டும். ரோட்டாகேப், அதாவது உறிஞ்சும் பொடி மருந்து உள்ள கேப்சூல், என்றால் அதைக் கருவியில் பொருத்தித் திருகியதும் அது உடைந்திருக்க வேண்டும். கருவிக்கு வெளியே மூச்சை முழுதாக விட வேண்டும். கருவிக்குள் ஊதினால் ஈரம் பட்டுப் பொடி கட்டியாகிவிடும். பிறகு உதடு இடைவெளி இல்லாமல் கவ்வி, வேகமாகவும் ஆழமாகவும் உறிஞ்சி, பத்து விநாடி அடக்க வேண்டும். முடிந்ததும் திறந்து பார்த்தால் கேப்சூலில் பொடி மிச்சம் இருக்கக் கூடாது. இருந்தால் இன்னொரு முறை உறிஞ்சச் சொல்ல வேண்டும். தினமும் மிச்சம் இருந்தால் அவருக்கு அந்தக் கருவியை இழுக்கும் வலு இல்லை என்று அர்த்தம். ஸ்பேசரோடு (மருந்தைப் பிடித்து வைக்கும் குடுவையோடு) எடுக்கும் பஃபுக்கு, அதாவது ஸ்ப்ரே இன்ஹேலருக்கு, மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். ரோட்டாகேப்பை மாத்திரை என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றி விழுங்கும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பஃபுக்கு நேர்மாறான முறை: குலுக்கி, ஸ்பேசரில் ஒரே ஒரு பஃப் அடித்து, மெதுவாக இழுத்து, பத்து விநாடி அடக்க வேண்டும். அடக்க முடியாதவர் ஸ்பேசரிலேயே நான்கைந்து சாதாரண மூச்சு எடுத்தால் போதும். அடுத்த பஃபுக்கு அரை நிமிடமாவது இடைவெளி வேண்டும். இரண்டு பஃபைச் சேர்த்து அடித்தால் மருந்து ஸ்பேசர் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துணியால் துடைக்காமல் காற்றில் உலரவிட வேண்டும். துடைத்தால் நிலைமின்சாரம் உண்டாகி மருந்தை இழுத்துப் பிடிக்கும். மருந்து தீர்ந்ததா என்று டப்பாவைத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது நம்பத்தக்கதல்ல, எண்ணிக்கைதான் கணக்கு. ஸ்டீராய்டு கலந்தது எதுவானாலும் முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படரும், சாப்பாடு இறங்காது.

நெபுலைசரை ஆக்சிஜன் குழாயில் மாட்டி ஓட்டுகிறார்களா என்று பாருங்கள். மருந்தைப் புகையாக்க நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் வேண்டும். அது முழுவதும் ஆக்சிஜனாகப் போனால் முன்பு சொன்ன அதே ஆபத்து. காற்றில் ஓடும் கம்ப்ரஸர்தான் சரி, தேவைப்பட்டால் மூக்கில் மாட்டும் ஆக்சிஜன் குழாயான கேனுலா வழக்கமான அளவில் ஓடலாம். மருந்துக் கிண்ணத்தை ஒவ்வொரு முறையும் கழுவி உலர வைக்க வேண்டும், ஈரமான கிண்ணத்தில் கிருமி வளரும். மூச்சுக்குழாயை விரிக்கும் இப்ரட்ரோப்பியம் கலந்த மருந்து என்றால், கண் அழுத்த நோய் உள்ளவருக்கு மாஸ்க்கைவிட வாயில் வைக்கும் குழாய் நல்லது. புகை கண்ணில் பட்டால் அழுத்தம் ஏறலாம்.

கான்சன்ட்ரேட்டரைப் பற்றிச் சந்தேகம் வந்தால் இரண்டு சோதனைகள் செய்து பாருங்கள். கேனுலாவின் முனையை ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டால் குமிழி வர வேண்டும். பிறகு குழாயை மடக்கிப் பிடித்தால் ஈரப்பத பாட்டிலின் வால்வு விசிலடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் எங்கோ கசிகிறது. பெரும்பாலும் பாட்டில் மூடி மரை ஏறாமல் கோணலாகப் பொருந்தியிருக்கும். மெஷின் நன்றாக ஓடியும் சாச்சுரேஷன் குறைகிறது என்று பதறிக் கூப்பிடுகிறவர்களில் பலருக்கு மூடியைச் சரியாகத் திருகியதும் பிரச்சினை தீர்ந்துவிடும். பாட்டிலில் கொதித்து ஆறிய நீரோ டிஸ்டில்டு வாட்டரோ ஊற்றி தினமும் மாற்ற வேண்டும். மிச்சத்தின் மேலேயே ஊற்றக் கூடாது. பின்பக்க வடிகட்டியை வாரம் ஒரு முறை கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளி வைக்காவிட்டால் மெஷின் சூடாகும்.

கரண்ட் போகும் நேரத்துக்குச் சிலிண்டர் வேண்டும். பி டைப் சிலிண்டரில் நிரம்பிய நிலையில் ஏறத்தாழ 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் கணக்குப்படி பன்னிரண்டரை மணி நேரம். பத்து மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பானர் சிலிண்டரோடேயே கட்டித் தொங்க வேண்டும், இரவு இரண்டு மணிக்குத் தேடக் கூடாது. பூஜை விளக்கு, ஊதுபத்தி, கேஸ் அடுப்பு எல்லாவற்றிலிருந்தும் குறைந்தது பத்தடி தள்ளி இருக்க வேண்டும். குழாய் மாட்டிக்கொண்டு பீடி பற்றவைத்து முகம் வெந்தவர்களை நெஞ்சக வார்டில் வேலை செய்யும் எல்லோரும் பார்த்திருப்போம். மூக்கு காய்ந்தால் வாசலின் வேண்டாம், தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல் பூசலாம். சாம்பிராணி, கொசுவத்திப் புகையும் அந்த அறைக்குள் வரக் கூடாது.

பைபாப்பில் நர்ஸ் பார்க்க வேண்டியது மாஸ்க்கைத்தான். பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும். கசிகிறது என்று இறுக்க இறுக்க மூக்குத்தண்டு புண்ணாகும், புண்ணானதும் அவர் மாட்டவே மறுப்பார். தினமும் காலையில் கழற்றியதும் மூக்கின் மேல் சிவப்பு இருக்கிறதா, அரை மணியில் மறைகிறதா என்று பார்க்க வேண்டும். மறையவில்லை என்றால் அன்றே மாஸ்க் அளவை மாற்றவோ இடையில் மெத்தை வைக்கவோ வேண்டும். சாப்பிட்ட உடனே மாட்டக் கூடாது. வாந்தி வந்தால் தானே கழற்றும் அளவுக்கு அவருக்கு நினைவும் கைவலுவும் இருக்க வேண்டும்.

இவ்வளவையும் ஒரு நோட்டில் எழுத வேண்டும். நல்ல நர்சை நான் அவருடைய நோட்டை வைத்தே எடைபோடுவேன். காலை மாலை மூச்சு எண்ணிக்கை, நாடி, எத்தனை லிட்டரில் எத்தனை சாச்சுரேஷன், சளியின் நிறமும் அளவும், நேற்று பாத்ரூம்வரை நிற்காமல் நடந்தாரா, எத்தனை தலையணை வைத்துப் படுத்தார், கால் வீக்கம், வாரம் இரு முறை எடை. "சாச்சுரேஷன் 91" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. ஒரு லிட்டரில் 91-ம் மூன்று லிட்டரில் 91-ம் வேறு வேறு. இளைப்பு கூடுவது, சளி கூடுவது, சளி பச்சையாக மாறுவது ஆகிய மூன்றில் இரண்டு சேர்ந்து வந்தால், அதிலும் நிறமாற்றம் இருந்தால், அன்றே டாக்டரைக் கூப்பிட வேண்டும். அப்போது என்ன மருந்து தொடங்குவது என்பதை டிஸ்சார்ஜ் நாளிலேயே எழுதி வாங்கியிருப்பது நல்லது. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை 40 மில்லிகிராம் 5 நாள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. நீண்ட நாள் கொடுப்பதால் கூடுதல் பலன் இல்லை என்று 2013-இல் ஆய்வு வந்துவிட்டது. சர்க்கரை நோயும் இருந்தால் அந்த ஐந்து நாளும் சர்க்கரை எகிறும், அளந்து பார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் இதே உறுதி கிடையாது. ஓய்விலேயே ஆக்சிஜன் மிகவும் குறைந்தவர்கள், அதாவது தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 55 மி.மீ. பாதரசமோ அதற்குக் கீழேயோ, அல்லது சாச்சுரேஷன் 88 அல்லது அதற்குக் கீழே உள்ளவர்கள், நாளுக்குக் குறைந்தது 15 மணி நேரம் எடுத்தால் ஆயுள் கூடுகிறது. இது 1980, 1981-இல் வந்த இரண்டு ஆய்வுகளிலிருந்து உறுதி. ஓரளவு மட்டுமே குறைந்தவர்களுக்கு வீட்டு ஆக்சிஜன் பலன் தரவில்லை என்று 2016-இல் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆகவே டிஸ்சார்ஜ் நாளில் எழுதிய ஆக்சிஜன் ஆயுள் முழுக்க என்று எடுத்துக்கொள்ளாமல், இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி பரிசோதித்துத் தேவையா என்று கேளுங்கள். முதுகைத் தட்டிச் சளி எடுப்பது சாதாரண சிஓபிடியில் பெரிய பலன் தருவதாகத் தெரியவில்லை. பழைய காசநோயால் மூச்சுக்குழாய் விரிந்துபோய் சளி தேங்குகிறவர்களுக்குச் சளி வெளியேற்றும் பயிற்சி உண்மையில் உதவும். நம் ஊரில் இரண்டும் கலந்த நோயாளிகள் உண்டு, ஆகவே சிடி ஸ்கேனைக் காட்டிக் கேட்க வேண்டும். ஆவி பிடிப்பது சுகமாக இருக்கலாம், நோயை மாற்றுவதற்கு ஆதாரம் பலவீனம். கொதிநீர் சிந்தி வெந்தவர்களைப் பார்த்ததால் நான் பரிந்துரைப்பதில்லை.

அப்பாவைப் படுக்கவே வைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். இளைக்கும் என்று பயந்து அசையாமல் இருந்தால் தொடைத் தசை கரையும், பிறகு குறைந்த நடைக்கே அதிகம் இளைக்கும். டிஸ்சார்ஜ் ஆன நான்கு வாரத்துக்குள் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி தொடங்குவது மறு அட்மிஷனைக் குறைக்கிறது. உங்கள் ஊர் மருத்துவக் கல்லூரியின் நெஞ்சக நோய்ப் பிரிவில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இல்லாவிட்டாலும் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, வராந்தாவில் உதட்டைக் குவித்து மூச்சை விட்டபடி நடப்பது என்று நர்சோடு தொடங்கலாம். இளைப்பு வந்தால் முன்னால் சாய்ந்து முழங்கையைத் தொடையில் ஊன்ற வைத்து, சின்ன விசிறியைக் கன்னத்துக்கும் மூக்குக்கும் நேராகப் பிடியுங்கள். காற்று முகத்தில் படுவதே இளைப்பு உணர்வைக் குறைக்கிறது. சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை. வருடம் ஒரு முறை ஃப்ளூ ஊசி, நிமோனியா ஊசி பற்றி டாக்டரிடம் கேட்டு முடித்துவிடுங்கள்.

கடைசியாக, அவசர நேரம். ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறுவது, மூச்சு நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டுவது, உதடு நீலமாவது, வழக்கமான ஆக்சிஜனிலும் 85-க்குக் கீழே போய் ஏறாமல் இருப்பது, குழப்பம், புதிதாக நெஞ்சுவலி - இவற்றில் எது வந்தாலும் நெபுலைசர் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டு உட்காராமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸில் வருகிறவருக்கு உங்கள் அப்பாவைத் தெரியாது, பதற்றத்தில் பத்து லிட்டர் மாஸ்க் போட்டுவிடக்கூடும். டாக்டர் கையெழுத்தோடு "சிஓபிடி, கரியமில வாயு தங்கும், இலக்கு 88-92, வீட்டில் இத்தனை லிட்டர்" என்று ஒரு அட்டை எழுதி வாங்கி கான்சன்ட்ரேட்டரில் ஒட்டி, அதன் நகலை அப்பாவின் சட்டைப் பையிலும் வையுங்கள். பைபாப் மெஷின், அவருடைய மாஸ்க், இன்ஹேலர்கள், கடைசி ஏபிஜி ரிப்போர்ட், அந்த நோட்டு ஆகியவற்றை ஒரே பையில் எடுத்துக்கொண்டு போங்கள். ஆஸ்பத்திரியில் அவருக்குப் பொருந்தும் மாஸ்க் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.